இலை கரையும் பருவம்

சங்கரன்கோவில்,
8.7.2024

ஜெர்சோனுக்கு எஸ்லின் எழுதுவது.

நானும் மாமியும் இருக்கிறோம். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்கவேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

மாடியில் நீ தண்ணீர்ச் செடி வளர்த்து விற்ற தொட்டிகள் நாறுகின்றன. ஜாமீனில் இருந்தபோது நீ வெளிப்படி வழியாக வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனது எனக்குத் தெரியும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாலும் தெரியும். நீ குற்றத்தை ஒப்புக்கொண்டு, கோர்ட் உன்னைப் பாளையங்கோட்டை ஜெயிலுக்கு அனுப்பியபிறகு ஒருவரும் மேலே போகவில்லை. ஆனிக்காற்று பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டது. நேற்று மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பார்த்தேன். கண்ணாடித் தொட்டியிலிருந்து நீ சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றிய கிரிப்டோச் செடி எல்லாம் கஞ்சியாகக் கிடக்கிறது.

உன் அத்தான் கையைவிட்ட தொட்டியின் பக்கம் நான் போகவில்லை.

மாமி ஒரே பிடியாக நிற்கிறாள். "கடப்பாரைய எடுத்து உடைச்சுப் போடுட்டி. எம் பிள்ளைய முழுங்குன தண்ணி இந்த வீட்ல எதுக்கு?" அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் அவருடைய மினி பஸ் சம்பளம் நின்று நாலு மாதமாகிறது. நான் நைட்டி தைக்கிற கூலி அரிசிக்கே இழுபறியாக இருக்கிறது. பாசி இருக்கிறதா என்று உன் சென்னைக் கடைக்காரர் கேட்டபடி இருக்கிறார். உடைக்கவா, வைக்கவா? வைப்பதானால் என்ன செய்யவேண்டும் என்று எழுது. தண்ணீருக்குள் கைவிட என்னால் ஆகாது. மாடிக்குப் போகிற கரண்டின் ஃபியூஸ் கட்டையை அன்றைக்கே பிடுங்கிப் பீரோவுக்குள் வைத்திருக்கிறேன்.

மனு போட்டு உன்னைப் பார்க்க வரமாட்டேன். போன் செய்தாலும் எடுக்கமாட்டேன். எழுதினால் படிப்பேன்.

எஸ்லின்

•

பாளையங்கோட்டை,
19.7.2024

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு, தம்பி ஜெர்சோன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. உங்களுக்கும் மாமிக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரவேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காய்கறித் தோட்டத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் மடிப்பைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

அக்கா, முதல் காரியம். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த மாரிக்கண்ணனைக் கூப்பிட்டுப் கரண்டு கசிந்தால் தானே விழுந்து அணைக்கிற புது ட்ரிப்பர் மாட்டச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு பட்டனை அமுக்கி விழுகிறதா என்று அவனையே காட்டச் சொல்லுங்கள். தொட்டித் தண்ணீரை ஓட்டுகிற பழைய மோட்டாரைத் தூக்கி எறியச் சொல்லுங்கள். இது முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரையும் தொடவேண்டாம்.

இரண்டாவது, குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் இருக்கும். டிரம்மில் பிடித்து ஒருநாள் வெயிலில் விட்டு ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் ஊர் உப்பு இலையில் சுண்ணாம்பாகப் படிந்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். கிரிப்டோ கரைந்ததைப் பார்த்து பயப்படவேண்டாம். தண்ணீர் மாறினால், வெளிச்சம் மாறினால், அது மொத்த இலையையும் கரைத்துவிடும். செத்தது போலத்தான் தெரியும். வேர் உயிரோடு இருக்கும். அழுகின இலையை மட்டும் எடுத்துவிட்டு வேரை அசைக்காமல் விட்டால் மாதக் கணக்கில் பொறுத்தாவது துளிர்க்கும். எறிந்துவிடாதீர்கள்.

ஓரத்துப் பெரிய தொட்டியில் இருப்பது கொட்டி, குளத்துக் கிழங்குச் செடி. பனவடலிசத்திரம் குளத்தில் நான் தோண்டிவந்தது. அது யாரையும் நம்பி இல்லை, மழைக்குத் தானே வரும்.

மற்றதெல்லாம் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். மாடி ரூம் சாவி பழைய ஆணியில்தானே இருக்கிறது?

ஜெபத்துடன்,
ஜெர்சோன்

•

சங்கரன்கோவில்,
4.8.2024

ஜெர்சோனுக்கு,

இங்கே சுகம். மாமிக்குக் கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் வந்துசேர்வதற்குள் கிரிப்டோ முழுவதையும் இடுக்கியால் பிடுங்கி, சாக்கில் கட்டி, கொல்லைப்புறம் போட்டுவிட்டேன். வேரோடு. நாற்றம் தாங்கவில்லை. இதை முன்பே சொல்லியிருக்கவேண்டியதுதானே? எதையும் காலம் கடந்து சொல்வதே உனக்கு வழக்கமாகிவிட்டது.

எப்போதிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? ஜெயிலில் கற்றுக்கொடுத்தார்களா?

மாரிக்கண்ணன் வந்தான். ட்ரிப்பரை மாட்டி, பட்டனை அமுக்கி, 'டக்'கென்று விழுவதை மூன்று தடவை காட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "எக்கா, அந்த மோட்டார்ல கரண்டு லீக்காச்சுல்லா, அதனாலதான் பழைய ட்ரிப்பரு விழுந்துக்கிட்டே கெடந்துருக்கு. அது அதுக்க வேலயத்தான் செஞ்சிருக்கு," என்றான். கூலி வாங்காமல் போய்விட்டான்.

அது விழுந்துகொண்டே இருந்தது, ஆர்டர் நேரத்தில் லைட் அணைந்தால் இலை கெட்டுவிடும், ஆகவே ட்ரிப்பரைக் கழற்றிவிட்டு நேராகக் கரண்டைக் கொடுத்தாய். கோர்ட்டில் வாசித்தபோது கேட்டேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாரிக்கண்ணன் சொன்ன பிறகு நன்றாகப் புரிந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மெயினை அணைத்தேன். ஃபியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போய், கொட்டித் தொட்டிக்குள் கையை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான். எடுத்துவிட்டுக் கீழே வந்து படுத்துக்கொண்டேன்.

எஸ்லின்

•

பாளையங்கோட்டை,
22.8.2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கே சுகம். உன் சுகத்துக்கும் மாமியின் கால் வலிக்கும் ஜெபிக்கிறேன்.

அந்தச் சாக்கை இன்னும் அள்ளிப் போடவில்லை என்றால் போய் அவிழ்த்துப் பார், அக்கா. நிழலில் ஈரம் காயாமல் கிடந்தால் கிழங்கு போன்ற தடித்த வேர் பழுப்பாக இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை தெரியும். வெள்ளை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

அதை நட்டுவிட்டு, உரத்துக்குக் கரிசல் மண்ணைச் சலித்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, வெயிலில் காயவை. அந்த உருண்டையை வேருக்குப் பக்கத்தில் விரலால் ஆழமாக அழுத்திவிடு. மேலே மணல் மூடவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கலங்கும். பச்சை வலையை இரட்டையாக மடித்துப் போடு. நம் ஊர் வெயில் அப்படியே விழுந்தால் தலைமுடி போலப் பச்சை இழை வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். வந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் சுழற்றி எடு. வாலிஸ்னேரியா இலை நாடா போல நீளநீளமாகப் போகும், நுனியை வெட்டாதே, வெட்டினால் அந்த இலை முழுவதும் அழுகும். அடியோடு கிள்ளு. வேலம்பாசியை எப்படி வெட்டினாலும் வரும்.

பார்சலுக்கு இலையில் தண்ணீர் நிற்கக்கூடாது. நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் சுற்றி, காற்றோடு கவரில் கட்டவேண்டும்.

இரவில் கண்ணை மூடினால் தொட்டி தொட்டியாகத்தான் வருகிறது. வந்ததும் வலையை மாற்றவேண்டும். மாடி ரூமில் ஒரு பாய் போட்டால் எனக்குப் போதும், கீழே வரத் தேவையிருக்காது. நீ என்ன நினைக்கிறாய்?

ஜெபத்துடன்,
ஜெர்சோன்

•

சங்கரன்கோவில்,
30.9.2024

ஜெர்சோனுக்கு,

நாங்கள் சுகம். உனக்கு இருமல் என்று உன்னைப் பார்த்துவந்த சபைப் போதகர் ஐயர் சொன்னார். கஷாயம் கிடைக்குமா அங்கே?

சாக்கில் பாதி அழுகியிருந்தது. மீதியில் வெள்ளை தெரிந்தது. நட்டு வைத்தேன். ஒரு மாதம் மொட்டை மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமி கீழேயிருந்து, "சட்டிக்குள்ள சாணியக் கரைச்சு வச்சு சாமி கும்புடுதியாட்டி?" என்று கேட்டாள். போன வாரம் ஊசி முனை அளவில் சிவப்பாக ஒன்று நீட்டியது. அதற்கு அடுத்த நாள் நாலைந்து. சென்னைக்கு வாலிஸ்னேரியாவும் வேலம்பாசியும் அனுப்பினேன். உயிரோடு போய்ச் சேர்ந்ததாம்.

சரி. இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்.

பக்கம் பக்கமாகப் பாசியைப் பற்றி எழுதுகிறாய். டூத் பிரஷ் வரை எழுதுகிறாய். உன் அத்தான் என்று ஒரு வார்த்தை வரவில்லை. மாமி பெற்ற பிள்ளைக்கு, என் புருஷனுக்கு, வேதமணி என்று ஒரு பெயர் இருந்தது.

அன்று காலை நான் அவரோடு பேசவில்லை. ஒருநாள் லீவு, பனவடலிசத்திரத்தில் ஞானஸ்நான வீட்டுக்குக் கூப்பிட்டால் உன் தொட்டியைக் கட்டிக்கொண்டு இருந்தார். காபியை மேசையில் 'ணங்'கென்று வைத்துவிட்டு நான் மட்டும் பஸ் ஏறினேன். திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. அவர் கடைசியாகப் பேசியது உன்னோடு, போனில். அழுகின இலையை எடுக்கும்படி அவரிடம் சொன்னதை மட்டும் நீ போலீஸில் சொன்னாய். அவர் என்ன சொன்னார்? என்மேல் கோபத்தோடு போனாரா? எனக்கு வேறு எதுவும் தெரியவேண்டாம். இதை எழுது.

எஸ்லின்

•

சங்கரன்கோவில்,
25.11.2024

ஜெர்சோனுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா என்று ஐயரிடம் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறான், தோட்டத்தில் நிற்கிறான் என்றார்.

மழை நன்றாகப் பெய்கிறது. கொட்டிச் செடி தொட்டி நிறைய இலை விட்டிருக்கிறது. தண்ணீருக்குள் நீளமாக, ஓரம் சுருங்கி, மெல்லியதாக. நடுவில் வெள்ளைப் பூவும் மேலே வந்திருக்கிறது. இதை உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

என் கேள்வி அங்கேயே நிற்கிறது.

எஸ்லின்

•

பாளையங்கோட்டை,
16.12.2024

அன்புள்ள அக்காவுக்கு, ஜெர்சோன் எழுதுவது. சுகம். நீங்கள் இருவரும் சுகமாயிருக்க ஜெபம்.

எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இவ்வளவு நாளாகிவிட்டது. இதை இங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

நான் திருநெல்வேலியில் கூரியர் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தேன். அத்தான் போனை ஸ்பீக்கரில் போட்டு மர அலமாரியில் வைத்தார். வைக்கிற சத்தம் கேட்டது.

"என்ன மாப்ள, இலை பூரா கரைஞ்சு கெடக்கு. செத்துப்போச்சா?" என்று கேட்டார்.

"சாகல அத்தான். தண்ணி மாத்துனம்லா, அதான் இப்பிடி. வேரு கெடக்கு, திரும்ப வந்துரும். அழுகுன இலைய மட்டும் எடுத்துருங்க," என்றேன்.

அவர் சிரித்தார். "அப்ப ஒங்க அக்கா மாதிரின்னு சொல்லு. காலையிலயே மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போயிருக்கா. சாயந்தரம் ஒரு பிரியாணிப் பொட்டலத்தோட பஸ் ஸ்டாண்டுல போயி நின்னம்னா துளுத்துருவா, பாத்துக்கோ," என்றார்.

உன்மேல் ஒரு துளிக் கோபம் அவருக்கு இல்லை, அக்கா. சிரித்துக்கொண்டுதான் கையை விட்டார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை. "அத்தான், அத்தான்" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். டவர் போய்விட்டது என்று நினைத்து போனைக் கட் செய்துவிட்டு, பார்சலுக்கு டேப் ஒட்டப் போனேன்.

ட்ரிப்பர் இல்லை என்பதைச் சொல்ல மறந்தேன். மூன்று நாளாக நானே மோட்டார் ஓடும்போது கை விட்டிருக்கிறேன், ரப்பர் செருப்போடு. ஒன்றும் ஆகவில்லை, அதனால் மறந்தேன். அத்தான் வெறுங்காலோடு நிற்பார் என்று எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியுமே, மாடிக்கு அவர் செருப்போடு வரமாட்டார், உன் வடகம் காய்கிற இடம் என்று.

ஆக அவர் சிரிப்பு என்னிடம்தான் இருக்கிறது. அதை உனக்குக் கொடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டுவிட்டாய்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு எதுவும் அனுப்பவேண்டாம்.

ஜெர்சோன்

•

சங்கரன்கோவில்,
9.3.2025

ஜெர்சோனுக்கு,

சுகம். உன் இருமல் நின்றதா?

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதமுடியவில்லை. தினமும் ஒருதடவை எடுத்து, பிரியாணி என்கிற இடம்வரை படித்துவிட்டு மடித்துவைப்பேன். முதல் தடவைக்குப் பிறகு அதற்குக் கீழே படித்ததில்லை. ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்த ஒன்று இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நீ 'அத்தான்' என்று இரண்டு தடவை கூப்பிட்டாயே, அது.

போன வாரம் அவருக்கு முதல் வருஷ ஜெபம் நடந்தது. அன்றைக்கு நடந்ததைக் கேள். கொட்டி இலையெல்லாம் மாசியில் அழுகிப்போனது. தொட்டியையும் வற்றவிட்டேன். சபை ஆட்கள் போனபிறகு மாமியைக் காணவில்லை. காலை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து மாடி ஏறியிருக்கிறாள். உடைக்கத்தான் போயிருக்கிறாள் என்று ஓடினேன். சகதிக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"கொட்டிக்கெழங்குலா இது. இதயா இவன் கண்ணாடிக்குள்ள வச்சு விக்கான்? எங்கூர்ல பஞ்சத்துல அவிச்சுத் திம்போம். வேதமணிக்குச் சின்னப்பிள்ளையில அம்புட்டு இஷ்டம்," என்றாள். அள்ளிக்கொண்டுவந்து, கழுவி, உப்புப் போட்டு அவித்தாள். எனக்கும் வைத்தாள். தின்றோம். சீனிக்கிழங்கு ருசி கொஞ்சம் இருந்தது, மண்வாசம் நிறைய இருந்தது. தின்றுவிட்டு, அவர் போன நாளிலிருந்து அழாதவள் அன்றைக்கு அழுதாள்.

உன் விதைக்கிழங்கு முழுவதும் அப்படிப் போயிற்று. கோபித்துக்கொள்ளாதே.

எஸ்லின்

•

பாளையங்கோட்டை,
2.4.2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இருமல் நின்றுவிட்டது. உன் சுகத்தையும் மாமியின் சுகத்தையும் விரும்பும் தம்பி நான்.

கொட்டி போனதற்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாமி தின்றாள் என்று படித்ததும் அன்றைக்குத்தான் இங்கே வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நன்னடத்தைக்குக் கழிவு கொடுத்து மே மாதமே விடுவார்கள் என்கிறார்கள். அக்கா, இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டேன், நீ அந்த வரியை மட்டும் தாண்டிப் போகிறாய். இப்போது நேராகவே கேட்கிறேன். நான் வீட்டுக்கு வரட்டுமா? வெளிப்படி வழியாக ஏறுவேன், வெளிப்படி வழியாக இறங்குவேன். மாமி கண்ணில் படமாட்டேன். அந்தத் தொட்டிகளைத் தவிர எனக்கு ஒரு வேலை தெரியாது. அப்பா கட்டிய வீட்டைத் தவிர எனக்கு ஒரு இடம் தெரியாது.

பங்கு என்று கேட்கவில்லை. வரட்டுமா என்றுதான் கேட்கிறேன்.

ஜெர்சோன்

•

சங்கரன்கோவில்,
27.4.2025

அன்புள்ள தம்பி ஜெர்சோனுக்கு, அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். நீயும் சுகமாயிருக்க ஒரு வருஷத்தில் முதல்தடவையாக உன் பெயரைச் சொல்லி ஜெபித்தேன்.

உன் கடிதத்தை மாமிக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். டிசம்பர் கடிதத்தையும் சேர்த்துத்தான். மகன் சிரித்த இடத்தைத் திரும்பவும் படிக்கச் சொன்னாள். பிறகு, "அவன் வரட்டும்ட்டி. அவன் அப்பன் வீடு. நான் எங்கூரு பனவடலிக்குப் போயிருதேன்," என்றாள். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? கூரையும் இல்லை, ஆளும் இல்லை. கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் காலோடு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பிடுங்கித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

நான் யோசித்துப் பார்த்தேன் தம்பி. உன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. இதை நம்பு. மன்னித்தேன் என்று எழுதவும் என் கை கூசவில்லை. மன்னித்துவிட்டேன். ஆனால் நீ மாடியில் நடந்தால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். நீ இருமினால் கேட்கும். நீ ஒவ்வொரு தடவை தொட்டிக்குள் கைவிடும்போதும் நான் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாமிக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை, எனக்கு அவளைவிட்டால் அவரைப் பற்றிப் பேச ஆள் இல்லை. உனக்கும் எனக்கும் நடுவில் அவர் கிடக்கிறார். அவரைத் தாண்டி வர உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது.

வராதே.

சபை ஐயர் தூத்துக்குடியில் ஒரு மீன்பண்ணையில் உனக்கு இடம் பேசியிருக்கிறார், தங்க ரூமும் உண்டாம். நீ வெளியே வருகிற அன்றைக்கு அவர் வாசலில் நிற்பார். அவரிடம் ஒரு பெட்டி கொடுத்துவிடுகிறேன். கிரிப்டோ இருக்கும், நீ சொன்னபடி பிழிந்த தாளில் சுற்றி, காற்றோடு கட்டியது. கரைந்தால் எறிந்துவிடாதே, உனக்கே தெரியும். அடியில் துணியில் முடிந்து நாலு கொட்டிக்கிழங்கு இருக்கும். அன்றைக்கு அவிக்கும்போது மாமி என்னிடம் சொல்லாமல் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறாள். நேற்று கொண்டுவந்து நீட்டினாள். "அவன்ட்ட குடு. அவிச்சுத் தின்னாலுஞ் சரி, நட்டாலுஞ் சரி," என்றாள்.

தொட்டிகளை உடைக்கமாட்டேன். அந்தக் கண்ணாடித் தொட்டியை மட்டும் காலியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மாரிக்கண்ணன் மாட்டிய ட்ரிப்பர் நன்றாக வேலை செய்கிறது. கோடை மழைக்கு எங்கேயோ ஈரம் இறங்கி, இரண்டு நாளுக்கு ஒருதடவை விழுகிறது. அவனைக் கூப்பிடவேண்டும். விழுந்தால் நான் உடனே ஓடிப் போடுவதில்லை. இருட்டில் அப்படியே நிற்பேன். "ஏட்டி, கரண்டு போச்சா?" என்று கீழேயிருந்து மாமி கேட்பாள். "ஆமா மாமி, விழுந்துட்டு," என்பேன். "விழட்டும். இருட்டுலயே இருப்போம், பையப் போடு," என்பாள்.

போகிற இடத்தில் முதலில் ட்ரிப்பர் இருக்கிறதா என்று பார். ரப்பர் செருப்புப் போட்டுக்கொள். கை விடும்போது யாரையாவது பக்கத்தில் நிறுத்திக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
எஸ்லின்